மணிக்கு ஒருமுறை மாறிய தையல் கடை

வேலை செய்யாமல் இருப்பதற்காக மனித குலம் இதுவரை எடுத்த முயற்சிகளில் மிகக் கடுமையான உழைப்பைக் கேட்டது எங்கள் அலுவலகம் எடுத்த முயற்சிதான் என்று எந்த மேடையிலும் சொல்வேன். வருங்காலத்தில் யாராவது நாகரிகத்தின் வரலாற்றை எழுத உட்கார்ந்தால், "கடை உரிமப் பிரிவு, இரண்டாம் மாடி, படியேறியதும் இடது பக்கம்" என்று முகவரியோடு எழுத வேண்டும் என்பது என் பணிவான வேண்டுகோள். வலது பக்கம் திரும்பிவிடக் கூடாது. அங்கே இருப்பது கட்டடப் பிரிவு. அவர்களுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு நடைபாதையும், ஒரு குடிநீர் இயந்திரமும், பல வருடத்துப் பேச்சுவார்த்தையின்மையும் இருக்கின்றன.

முன்பெல்லாம் நாங்கள் காட்டுமிராண்டிகளாக வாழ்ந்தோம். ஊரில் ஒருவர் கடை திறந்தால் நான் நேரில் போவேன். கடையைப் பார்ப்பேன். "என்ன கடைங்க இது?" என்று கேட்பேன். அவர் பதில் சொல்வார். திரும்பி வந்து ஆன்லைன் டேட்டாபேஸில் ஒரு வரி சேர்ப்பேன்: கதவு எண், உரிமையாளர், தொலைபேசி, தொழில். பார்க்க ஒரு கண், கேட்க ஒரு காது, நடக்கக் கால், தட்டக் கை என்று ஒரே ஒரு வரிக்கு இத்தனை உறுப்புகள் செலவாயின. அந்த இருண்ட காலத்தில் கடைகள் அட்டவணையில் இருந்தபடியே ஊரிலும் இருந்தன என்பதைத் தவிர வேறு எந்தச் சிறப்பும் இல்லை.

அப்போதுதான் எங்கள் மேலாளர் ஒரு கருத்தரங்குக்குப் போய் வந்தார். கழுத்தில் மாட்டிய அடையாள அட்டையைக் கழற்றாமல் அப்படியே கூட்டத்துக்கு வந்து நின்றார்.

"இனிமே யாரும் உக்காந்து டைப் அடிக்க வேண்டாம்," என்றார். "உலகம் பூரா டேட்டா ஓடிக்கிட்டு இருக்கு. நாம குழாயைத் திறந்து புடிச்சுக்கிட்டாப் போதும்."

"எந்தக் குழாய் சார்?"

"ஏபிஐ."

அது என்னவென்று கேட்டால் தெரியாது என்பது தெரிந்துவிடும் என்பதால் எல்லோரும் தலையசைத்தோம். வாசகர்களுக்கு நான் சொல்லிவிடுகிறேன். ஒரு கணினி இன்னொரு கணினிக்காகத் திறந்து வைத்திருக்கும் கவுன்ட்டர்தான் ஏபிஐ. நம் கணினி போய்க் கேட்டால் அது தன்னிடம் இருப்பதை எடுத்துக் கொடுக்கும். மனிதர்களின் கவுன்ட்டரைப் போல 'சாப்பிடப் போயிருக்கிறார்' என்று பலகை மாட்டாது. கொடுப்பது சரியா தவறா என்று அதற்கும் தெரியாது. அந்த விஷயத்தில் மட்டும் இரண்டும் ஒன்று.

மறுநாள் ஆலோசகர் வந்தார். சட்டைக் கையை முழங்கைவரை மடித்து, கடுமையாக வேலை செய்யப்போகிறவர் மாதிரி இருந்தார். அது தோற்றம் மட்டும்தான் என்பதை முதல் வாக்கியத்திலேயே தெளிவுபடுத்தினார்.

"ஒரு வரி கோடிங் கூட தேவையில்லை சார்."

"சரி, வேற என்ன தேவை?" என்றார் மேலாளர்.

"எதுவும் தேவையில்லை."

"யோசிக்கணுமா?"

"கட்டாயம் இல்லை சார். உங்க விருப்பம்."

மேலாளரின் முகம் மலர்ந்ததை அன்றுதான் பார்த்தேன். இத்தனை வருடம் தனக்கென்று ஒரு கருவி வராதா என்று காத்திருந்தவரின் மலர்ச்சி அது.

திரையில் இடது பக்கம் சில பெட்டிகள், வலது பக்கம் சில பெட்டிகள். இடது பக்கத்துப் பெட்டிகள் 'வெளி உலகத்' தரவு. வலது பக்கம் எங்களுடையது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மவுஸால் ஒரு கோடு இழுத்தால் போதும், அந்தத் தரவு இந்தப் பெட்டிக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். கோடு இழுப்பது கொள்கை முடிவு என்பதால் மேலாளரே இழுத்தார். அவர்களுடைய 'பயன்பாடு' என்ற பெட்டியிலிருந்து எங்களுடைய 'தொழில்' என்ற பெட்டிக்கு அவர் இழுத்த கோடு கொஞ்சம் நடுங்கினாலும் நோக்கத்தில் உறுதியாக இருந்தது. நாங்கள் கைதட்டினோம்.

பிறகு அந்தக் கருவி ஒரு கேள்வி கேட்டது. ஒரு கடையை இன்னொரு கடையிலிருந்து எதை வைத்துப் பிரித்து அறிவது?

"கதவு எண்ணையே வெச்சுக்கலாமா சார்?" என்றார் ஆலோசகர். "ஒரு கதவுக்கு ஒரு கடைதானே?"

"பின்ன?" என்றார் மேலாளர்.

எங்கள் ஊரில் பாதிக் கட்டடங்களில் கீழே ஒரு கடை, மாடியில் ஒரு கடை. ஆனால் 'பின்ன?' என்று ஒரு மேலாளர் கேட்டபிறகு அதற்குப் பதில் சொல்வது அலுவலக நாகரிகம் ஆகாது. பொத்தான் அழுத்தப்பட்டது. கடைகளின் மொத்த எண்ணிக்கை கடகடவென்று இறங்கி, முன்பிருந்ததில் பெரிய பங்கு காணாமல் போய் நின்றது.

"பாத்தீங்களா," என்றார் மேலாளர். "எவ்வளவு குப்பை சேத்து வெச்சிருந்திருக்கோம்."

அன்றிலிருந்து எங்களுக்குப் பொற்காலம். ஒவ்வொரு மணியும் அடிக்கும்போது அட்டவணை தானாகவே வெளியுலகத்தைக் கேட்டுத் தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. நான் எழுத்தர் பதவியிலிருந்து 'தரவு ஒருங்கிணைப்பாளர்' ஆனேன். சுழல் நாற்காலி வந்தது. திரையின் மூலையில் ஒரு பச்சை வட்டம் இருக்கும். அது பச்சையாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. அது எப்போதும் பச்சையாகவே இருந்தது. நான் நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடியும் பார்ப்பேன். வேலைப்பளு என்றால் என்னவென்று அப்போதுதான் புரிந்தது.

இந்தப் பொற்காலத்தில் முதல் கல்லை விட்டெறிந்தது வேறு யாருமில்லை, என் சொந்த அண்ணி.

என் அண்ணி தையல் கடை வைத்திருக்கிறார். மாடியில் அவர் கடை. கீழே ஒரு கால்நடை மருத்துவர். மாடியில் ஊசி, கீழேயும் ஊசி. வருடக்கணக்கில் இரண்டு ஊசியும் சண்டையில்லாமல் குத்திக்கொண்டிருந்தன. இந்த வருடம் அண்ணிக்கு ஒரு பள்ளிக்கூடத்துச் சீருடை முழுவதும் தைக்கிற வேலை கிடைத்திருந்தது. கழுத்தில் அளவு நாடா தொங்கியபடி அவர் எங்கள் கவுன்ட்டருக்கு வந்து நின்றபோது, நான் பச்சை வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, லைசென்ஸ் புதுப்பிக்கலாம்னு ஆன்லைன்ல போனா, நோயாளிங்களை எங்க கட்டி வைக்கிறீங்கன்னு கேக்குது."

"எந்த நோயாளி அண்ணி?"

"அதைத்தான் நானும் கேக்குறேன். பெரிய விலங்குகளுக்குத் தனி வாசல் இருக்கா, தரையில கழிவுநீர் போக வழி இருக்கா, கடிக்கிற விலங்கு வந்தா தனியா அடைச்சு வைக்க ரூம் இருக்கான்னு கேக்குது. நான் என்னத்தைச் சொல்லட்டும்? துணி மாத்திப் பாக்கிற ரூம் ஒண்ணு இருக்குன்னு போட்டேன். பத்தாதாம்."

நான் அட்டவணையைத் திறந்தேன். கதவு எண் சரி. உரிமையாளர் என் அண்ணி. தொலைபேசி எண்ணும் அவருடையதுதான். தொழில்: கால்நடை மருத்துவமனை. ஒரே கதவு எண் என்பதால் மேல் கடையும் கீழ்க் கடையும் ஒரே வரியாகக் கலந்துவிட்டிருந்தன.

"நேத்து ஒருத்தர் போன் பண்ணாரு," என்றார் அண்ணி. "பூனை ரெண்டு நாளா சாப்பிடலையாம். நான் வேலை மும்முரத்துல, நாளைக்குக் கூட்டிட்டு வாங்க, இடுப்புல கொஞ்சம் புடிச்சுத் தர்றேன்னு சொல்லிட்டேன்."

"டாக்டர் என்ன சொல்றாரு?"

"அவருக்கு ஒரே சிரிப்பு. ஓனர்னு என் பேரு வந்ததுலேர்ந்து மாடிக்கு வந்து எங்கிட்ட லீவு கேக்குறாரு. இன்னைக்கு மத்தியானம் அரை நாள் குடுத்திருக்கேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அளவு நாடாவை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார். அண்ணி அப்படிச் செய்தால் உள்ளே கவலை ஓடுகிறது என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"தம்பி, விளையாட்டு இல்லை. வெள்ளிக்கிழமைக்குள்ள லைசென்ஸ் காட்டலைன்னா அந்த வேலையை வேற ஆளுக்குக் குடுத்துருவோம்னு ஸ்கூல்ல சொல்லிட்டாங்க. நம்பி ரெண்டு பொண்ணுங்களை வேலைக்குச் சேத்துட்டேன். துணி வெட்டியாச்சு. அதுங்ககிட்ட போய் என்ன சொல்வேன்?"

உறவுப் பாசம் என்பது தரவு ஒருங்கிணைப்பாளரையும் விடுவதில்லை. நான் இரு பக்கமும் பார்த்துவிட்டு, 'கால்நடை மருத்துவமனை' என்பதை அழித்து 'தையல்' என்று என் கையாலேயே அடித்தேன். எத்தனை நாள் கழித்து டைப் அடிக்கிறேன். விரல்களுக்கே வெட்கமாக இருந்தது. அண்ணி நிம்மதியாகக் கிளம்பிப் போனார்.

மணி அடித்தது. தையல் மறுபடியும் கால்நடை மருத்துவமனை ஆனது.

இது நான் எதிர்பார்த்திருக்க வேண்டியதுதான். வெளியுலகத் தரவு வந்தால் கைத்திருத்தம் அழிந்துவிடும் என்று ஆலோசகர் சொல்லியிருந்தார். எதிர்பாராதது அடுத்த மணிக்கு நடந்தது. நான் மீண்டும் திருத்துவதற்காக விரலை வளைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் தொடுவதற்குள் அதுவாகவே 'தையல்' ஆகிவிட்டது. அதற்கடுத்த மணிக்கு மருத்துவமனை. அதற்கடுத்து தையல். ஆலோசகருக்குப் போன் செய்தேன்.

"சூப்பர் சார்," என்றார். "டேட்டா உங்ககிட்டேருந்து கத்துக்க ஆரம்பிச்சிருக்கு."

"கத்துக்கிட்டதை ஒரு மணி நேரத்துல மறந்துடுதே."

"ஆரம்பத்துல அப்படித்தான் சார் இருக்கும்."

சரி, மறுநாள் காலை தையலாக இருக்கிற மணியில் வந்து உரிமத்தை அச்செடுத்துக்கொள்ளச் சொல்லி அண்ணியைக் கூப்பிட்டேன். ஓட்டமும் நடையுமாக வந்தார். அச்சுப் பொத்தானை அழுத்தினேன். அச்சு இயந்திரம் தொண்டையைச் செருமிவிட்டு நின்றது. திரையில் சிவப்பு எழுத்து: 'கட்டடப் பிரிவின் பதிவோடு ஒத்துப்போகவில்லை.' உரிமம் அச்சாக வேண்டுமென்றால் எதிர்ப்பக்கத்துக் கட்டடப் பிரிவின் அட்டவணையும் அதே தொழிலைக் காட்ட வேண்டும். இது மோசடியைத் தடுக்க வைத்த ஏற்பாடு. அவர்கள் அட்டவணையில் அந்த நேரத்தில் மருத்துவமனை என்று இருந்தது.

"அடுத்த மணி வரைக்கும் இருந்து பாக்குறேன்," என்று அண்ணி பெஞ்சில் உட்கார்ந்தார். அடுத்த மணியில் அவர்கள் அட்டவணை தையல் ஆனது. எங்களுடையது மருத்துவமனை ஆகிவிட்டது.

"இது என்ன தம்பி, கண்ணாமூச்சியா?"

அவர் மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தார். கையோடு கொண்டுவந்த சட்டைக்குக் காஜா எடுத்து முடித்தார், பொத்தானும் வைத்து முடித்தார். இரண்டு அட்டவணையும் ஒருமுறைகூட ஒத்துப்போகவில்லை. கடைசியில் எழுந்து நின்று, "ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு இருந்தது நான் மாட்டு டாக்டரா இருந்தப்ப மட்டும்தான்," என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு சுற்றுச் சுற்றலாம் என்று பார்த்தால் நாற்காலியும் கிரீச்சிட்டது.

தண்ணீர் குடிக்கப் போனேன். குடிநீர் இயந்திரத்தின் முன்னால் கட்டடப் பிரிவின் எழுத்தர் நின்றுகொண்டிருந்தார். அவரைக் 'குடை' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அலுவலகத்துக்குள்ளேயும் கையில் குடையோடுதான் நடப்பார். மேல்மாடிக் குழாய் எப்போது ஒழுகும் என்று யாருக்குத் தெரியும் என்பது அவர் வாதம். மனுஷன் முகம் வாடியிருந்தது.

"என்ன குடை, உடம்பு சரியில்லையா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. டேட்டாதான் சரியில்லை," என்றார். "மிருக ஆஸ்பத்திரி ஒண்ணு மணிக்கு ஒரு தடவை தையல் கடையா மாறுது. நான் மாத்தலை. எங்க பொறியாளர் அம்மா என்னைச் சந்தேகமா பாக்குறாங்க."

"உங்களுக்கு 'பயன்பாடு' எங்கேருந்து வருது?"

"வெளி உலகத்துலேருந்துதான். கோடிங் இல்லாம ஒரு ஆலோசகர் வந்து செஞ்சு குடுத்தாரு. சட்டைக் கையெல்லாம் மடிச்சு விட்டிருப்பாரு."

என் கையிலிருந்த டம்ளர் நிரம்பி வழிந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். பிறகு ஒன்றாகத் திரும்பி, நடைபாதையின் இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் பார்த்தோம். எங்கள் அட்டவணை எந்த வெளியுலகத்திலிருந்து உண்மையை வாங்கிக்கொண்டிருந்ததோ, அந்த வெளியுலகம் எதிர் அறை. எதிர் அறை எந்த வெளியுலகத்தை நம்பிக்கொண்டிருந்ததோ, அது நாங்கள்.

அண்ணனும் தம்பியும் தினமும் சட்டை மாற்றிப் போட்டுக்கொள்வது மாதிரி. கறை பட்ட சட்டை ஒன்று இருந்தால் அது எப்போதும் யாராவது ஒருவர் உடம்பில் இருக்கும். மணி அடித்தால் அவர்கள் சட்டை எங்களுக்கு, எங்கள் சட்டை அவர்களுக்கு. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் துவைத்தால்தான் கறை போகும். ஒருவர் மட்டும் துவைத்தால் சுத்தமான சட்டை அடுத்தவருக்குப் போய்ச் சேரும்.

"அப்ப புதுசா எதுவும் எங்கேருந்தும் வரலையா?" என்றார் குடை.

"குழாய் ரெண்டு முனையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகியிருக்கு," என்றேன்.

உற்சாகத்தோடு மேலாளரிடம் ஓடினேன். இந்தக் கண்டுபிடிப்பைக் கேட்டு அவர் அதிர்ச்சியடைவார் என்று நினைத்தேன். அவருடைய தலைமைப் பண்பை நான் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன்.

"அவங்க நம்ம டேட்டாவை எடுக்கிறாங்களா?" என்றார். "அப்படின்னா நம்ம டேட்டாவோட தரம் அந்த மாதிரி. நாம அவங்க டேட்டாவை எடுக்கிறோம். அப்படின்னா அவங்க தரமும் அந்த மாதிரி. இதுல பிரச்சனை எங்க இருக்கு?"

"தையல் கடை சார்."

"ஊர்ல இருக்கிற எல்லாப் பதிவும் ரெண்டு பக்கமும் அச்சு அசலா ஒத்துப்போகுது. இது ஒண்ணுதான் ஒத்துப்போகலை. தப்பு யார் மேல?"

"கடை மேலயா சார்?"

"நீயே சொல்லிட்ட," என்றார்.

அன்று மாலையே சுற்றறிக்கை வந்தது. 'கைத்திருத்தம் போன்ற தனிமனிதத் தலையீடுகளால் தரவின் தூய்மை கெடுவதாகத் தெரியவருவதால், இனி மேலாளரின் கடவுச்சொல் இன்றி யாரும் எதையும் திருத்தலாகாது. ஒத்துப்போகாத மேற்படி பதிவு குறித்து முடிவெடுக்க இரு பிரிவுகளின் கூட்டுக் கூட்டம் வெள்ளிக்கிழமை மூன்றாம் மாடி அரங்கில் நடைபெறும்.' கட்டடப் பிரிவிலும் அதே வாசகத்தில் ஒரு சுற்றறிக்கை வந்தது. யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று கேட்கக் கூடாது.

கூட்டம் மிகச் சிறப்பாக ஏற்பாடாகியிருந்தது. சுவரில் இரண்டு அட்டவணையும் பக்கத்தில் பக்கத்தில் விழுந்தன. இடதுபுற மடிக்கணினியில் நான், வலதுபுறத்தில் குடை. வரலாற்றுத் தருணம் என்பதால் இரண்டு தலைவர்களும் தங்கள் கடவுச்சொல்லைத் தாங்களே அடித்து, கணினிகளைத் திறந்து வைத்தார்கள். கட்டடப் பிரிவின் தலைவி பொறியாளர் அம்மா அளந்து பேசுகிறவர்.

"பெரும்பான்மையைப் பாக்கணும்," என்றார். "இதுவரைக்கும் அந்தப் பதிவு எத்தனை மணி நேரம் ஆஸ்பத்திரியா இருந்திருக்கு, எத்தனை மணி நேரம் தையலா இருந்திருக்கு?"

"ஆஸ்பத்திரியாத்தான் ஜாஸ்தி," என்றார் எங்கள் மேலாளர். "தையல் இந்த வாரம்தான் ஆரம்பிச்சுது."

"அப்ப ரெண்டு பக்கமும் ஆஸ்பத்திரின்னே வெச்சுடலாம். ஒத்துப்போயிடும்."

தீர்மானம் நிறைவேறுகிற நேரத்தில் கதவு திறந்தது. அண்ணி. யாரும் அவரை அழைக்கவில்லை. கீழே காவலாளியிடம் கூட்டம் எந்த மாடி என்று கேட்டுக்கொண்டு ஏறி வந்திருந்தார். கையில் காலர் மட்டும் வைக்காத ஒரு சின்னச் சட்டை.

"சார், மன்னிச்சுக்கோங்க. ஸ்கூல்லேருந்து சாயங்காலம் வரைக்கும்தான் டைம் குடுத்திருக்காங்க. என் கடை என்ன கடைன்னு தெரியலைன்னு நீங்க எல்லாரும் உக்காந்து பேசுறதா கேள்விப்பட்டேன். நான் சொல்றேன். தையல் கடை."

மேலாளர் கருணையோடு சிரித்தார். "நீங்க சொல்றது சரிதாம்மா. ஆனா நீங்க சொல்றதை வாங்குறதுக்கு எங்ககிட்ட பெட்டி இல்லை. தரவு வெளி மூலத்துலேருந்து வரணும்."

"நான் வெளியிலேருந்துதானே சார் வர்றேன்?"

"நீங்க ஆளு. மூலம் இல்லை."

அண்ணி ஒரு நிமிடம் அவரையே பார்த்தார். நேராக அறையின் அந்தக் கோடிக்குப் போய், திரைச்சீலையைப் பிடித்து ஒரே இழுப்பில் விலக்கினார்.

வெயில் குபுக்கென்று உள்ளே வந்தது. எங்கள் மூன்றாம் மாடி அரங்கிலிருந்து ஊரைப் பார்க்க முடியும் என்பது அங்கே பலருக்கு அன்றுதான் தெரிந்தது. சாலைக்கு எதிர்ப்புறம் ஒரு பழைய மாடிக்கட்டடம். மேலே கம்பியில் வரிசையாகச் சின்னச் சின்னச் சீருடைகள் தொங்கின. இரண்டு பெண்கள் தலை குனிந்து மெஷின் மிதித்துக்கொண்டிருந்தார்கள். கீழே வாசலில் மருத்துவர் ஒரு நாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். நாய் அவருடைய காதை நக்கிக்கொண்டிருந்தது.

"மேல நான். கீழ அவரு," என்றார் அண்ணி.

எல்லோரும் எழுந்து ஜன்னலுக்குப் போனார்கள். மேலாளர் போனார். பொறியாளர் அம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு போனார். அங்கே நின்று இரண்டு பிரிவுகளும் ஒரு கடையை வேடிக்கை பார்த்தன. உண்மையைச் சொன்னால் எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. கூடவே கோபமும் வந்தது. சாலையைக் கடந்தால் தெரியும் விஷயத்துக்காக அந்த மனுஷி எத்தனை முறை படியேறியிருப்பார்.

குடையைப் பார்த்தேன். குடையும் என்னைப் பார்த்தார். கடவுச்சொல் போட்டுத் திறந்த இரண்டு கணினிகள் எங்கள் முன்னால் சும்மா கிடந்தன. வாய் திறக்காமலேயே புரிந்துகொண்டோம். அவர் குடையை மேசைமேல் வைத்தார். அவர் அப்படி வைத்து நான் பார்த்ததே இல்லை. நான் எங்கள் அட்டவணையில் கதவு எண்ணுக்குப் பக்கத்தில் 'மேல்' என்று சேர்த்துத் தையல் என்றும், இன்னொரு வரியில் 'கீழ்' என்று சேர்த்துக் கால்நடை மருத்துவமனை, மருத்துவர் பெயர் என்றும் அடித்தேன். பக்கத்தில் குடையின் விரல்களும் அதையே அடித்துக்கொண்டிருந்தன. இரண்டு சட்டையும் ஒரே நேரத்தில் துவைத்தாகிவிட்டது. இனி மணி அடித்தாலும் கவலையில்லை.

மேலாளர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். வெயிலில் அது வெறும் வெள்ளையாக இருந்தது.

"யாருப்பா அது, ஸ்க்ரீனை மூடுங்க," என்றார். "வெளிச்சத்துல டேட்டாவே தெரியலை."

திரைச்சீலை மூடப்பட்டது. சுவரில் இரண்டு அட்டவணைகளும் மெல்லத் துலங்கின. இடது பக்கம்: மேல், தையல், கீழ், கால்நடை மருத்துவமனை. வலது பக்கம்: மேல், தையல், கீழ், கால்நடை மருத்துவமனை. நடுவில் பச்சை வட்டம்.

"பாத்தீங்களா," என்றார் மேலாளர். "ஜன்னலை மூடினதும் தானா சரியாயிடுச்சு."

"வெளிச்சம்தான் தொந்தரவு பண்ணியிருக்கு," என்றார் பொறியாளர் அம்மா.

அரங்கம் கைதட்டியது. மனிதக் கை எதுவும் படாமல் இரண்டு சுயேச்சையான மூலங்கள் தாமாகவே உண்மையைக் கண்டடைந்தன என்று கூட்டக் குறிப்பில் பதிவானது. தரவின் நலன் கருதி அலுவலக நேரத்தில் சாலைப் பக்கத்து ஜன்னல்கள் அனைத்தும் மூடியே இருக்க வேண்டும் என்று இரண்டாவது தீர்மானம் நிறைவேறியது. துல்லியத்துக்கான பாராட்டுச் சான்றிதழை நாங்கள் கட்டடப் பிரிவுக்குக் கொடுப்பதென்றும், அவர்கள் எங்களுக்குக் கொடுப்பதென்றும் முடிவானது. ஆலோசகருக்குத் தனியாக ஒரு சால்வை.

அண்ணியோடு இரண்டாம் மாடிக்கு இறங்கி அச்சுப் பொத்தானை அழுத்தினேன். அச்சு இயந்திரம் தொண்டையைச் செருமியது. இந்த முறை நிற்கவில்லை. உரிமம் சூடாக வெளியே வந்தது. அண்ணி அதை இரண்டு கையாலும் வாங்கி, 'தையல்' என்ற சொல்லை மட்டும் இரண்டு முறை படித்தார். பிறகு எந்தப் பக்கமும் மடங்காமல் அந்தச் சின்னச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

படிக்கட்டுவரை கூடவே போனேன். நாலு படி இறங்கியவர் நின்று திரும்பினார்.

"தம்பி, என்னை மாதிரி ஒரே கதவுல மேலயும் கீழயும் கடை வெச்சிருக்கிறவங்க ஊர்ல எத்தனையோ பேரு இருப்பாங்களே. அவங்கள்லாம் இப்ப என்னவா மாறியிருக்காங்களோ. அவங்களுக்கு என்ன வழி?"

"அவங்களுக்கும் வழி இருக்கு அண்ணி," என்றேன், தரவு ஒருங்கிணைப்பாளருக்கு உரிய கம்பீரத்தோடு. "ஒவ்வொருத்தருக்கும் எங்க ஆஃபீஸ்ல ஒரு கொழுந்தன் இருந்தாப் போதும்."